கப்பல் பண்டாரியின் நாக்கு

நீர்கொழும்பு
9 மே

சேசு மரி சூசை துணை

அன்புள்ள பிளாரன்ஸ் அக்காவுக்கு,

தம்பி ரோச் எழுதுவது. உன் காது இரைச்சல் தேவலையா? முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் சுகம். கடுதாசி என்றால் சுகம் என்றுதானே எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

மதுரையில் விமானம் ஏறி, உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவதற்குள் கொழும்பு வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷம் கப்பலில் பண்டாரியாக அடுப்படியில் நின்றுகொண்டு இந்தத் தீவின் விளக்குகளை எத்தனை தடவை பார்த்திருப்பேன். கப்பல் கரை பிடித்தால் மற்றவனெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்குவான். பண்டாரிக்கு அடுத்த வேளைச் சோறு சமைக்கிற வேலை. சரி, ரிட்டையர் ஆகிவிட்டோம், ஒற்றை ஆளாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம் என்று வந்தேன். பார்த்த மட்டில் தூ.

கூடக் கப்பலில் இருந்த தேவபிரசாதம் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னான். எதற்கு அடுத்தவனுக்குத் தொந்தரவு என்று கடற்கரைப் பக்கம் ரூம் எடுத்தேன். தலையணையில் எவளுடைய முடியோ. காலையில் பாண் என்று ரொட்டி கொடுத்தார்கள், நனைந்த சாக்கை மெல்லுவதுபோல இருந்தது. தேத்தண்ணீரில் டயர் கருகிய வாடை. கடற்கரை முழுக்கக் கருவாடு காயப்போட்டிருக்கிறான். கருவாட்டு வாடையில் பிறந்து வளர்ந்தவன் நான், கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு நடந்தேன். இந்த ஊர்க்காரனுக்கு உப்புப் போடக்கூடத் தெரியவில்லை.

கைப்பேசியை விற்றுவிட்டுத்தான் வந்தேன், தேடாதே. சம்பந்தி வீட்டுப் பந்தியில் எவனோ எடுத்த பத்தொன்பது செகண்ட் வீடியோ உலகமெல்லாம் சுற்றுகிறது. பழைய கேப்டன் ஒருத்தர் ஹாம்பர்க்கிலிருந்து அனுப்பி, “பண்டாரி, இது நீதானா?” என்று கேட்டார். வாய்க்குப் பிடிக்காததைத் துப்பினேன். கொலையா செய்தேன்?

எழுதினால் தேவபிரசாதம் விலாசத்துக்கு எழுது. நான் எந்த ஊரில் இருந்தாலும் அனுப்பிவைப்பான்.

உன் தம்பி,
ரோச்


தூத்துக்குடி
24 மே

ஏலே ரோச்,

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல புத்தியையும் தரட்டும். என் காதில் இரைச்சல் அப்படியேதான். ஒருவிதத்தில் நல்லது, தெருவில் உன்னைப் பற்றிப் பேசுவது பாதிதான் விழுகிறது.

முதலில் நல்ல சேதி. உன் மகள் ஜெஸ்லின் உண்டாகியிருக்கிறாள். மூன்று மாசம். தண்ணீர் குடித்தாலும் ஓங்கரிக்கிறாளாம். ஏழாம் மாசம் வளைகாப்பு, செப்டம்பர் கடைசியில் உடன்குடியில் மாப்பிள்ளை வீட்டில் வைத்துச் செய்கிறார்கள். தாயில்லாத பிள்ளை. தகப்பன் போய்த்தான் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

ஆனால் அவள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “அத்தை, அப்பா எங்க மாமியார்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா வளைகாப்புக்கும் வர வேண்டாம், பெறகு பிள்ளையப் பாக்கவும் வர வேண்டாம்.” அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாய்க்குப் பிடிக்காததைத் துப்பினேன் என்று எவ்வளவு லேசாக எழுதுகிறாய்! ஜெஸ்லினுடைய மாமியார் முத்துக்கனி அம்மாள் என்னிடம் நம் வீட்டு மீன்குழம்புப் பக்குவத்தை எழுதி வாங்கி, ஒரு வாரம் வைத்துப் பழகி, சம்பந்தி விருந்தன்றைக்கு விடியும் முன்னே மணப்பாட்டுக்கு ஆள் அனுப்பி சீலா மீன் வாங்கிவந்து வைத்த குழம்பு அது. நீ முதல் வாயைத் துப்பிவிட்டு, “இத எங்க ஊர்ல நாய்க்கும் வைக்க மாட்டாவ” என்றாய். பந்தியில் நாற்பது பேர். நான் அதே குழம்பைத் தின்றேன்லே, நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறவில்லை. பெண் கொடுத்தவனுக்கு இஷ்டமில்லாத சம்பந்தம், சாதிக்கொழுப்பைச் சோற்றில் காட்டிவிட்டான் என்றுதான் அங்கே பேச்சு. நான் என்ன பதில் சொல்ல?

ஒழுங்காகச் சாப்பிடு. உடனே எழுது.

உன் அக்கா,
பிளாரன்ஸ்


மன்னார்
8 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

வழியில் கற்பிட்டி. டால்பின் காட்டுகிறேன் என்று படகில் பன்னிரண்டு பேரை அடைத்துக் கொண்டுபோனான். டால்பின் ஒரு பக்கம் துள்ளுகிறது, இவர்கள் மறுபக்கம் வாந்தி எடுக்கிறார்கள், அதையும் ஒருத்தி கைப்பேசியில் படம் பிடிக்கிறாள். சீ, என்ன ஜென்மங்களோ!

மன்னாரில் மனுஷனுக்குச் சமமாகக் கழுதைகள். பஸ் ஸ்டாண்டில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கழுதை நின்றது. யாரும் விரட்டவில்லை. பெருக்கமரம் என்று யானைக்கால்போல அடிபெருத்த மரம் ஒன்று இருக்கிறது, போய்ப் பார் என்றார்கள். சுற்றி வந்து பார்த்தேன், செருப்பெல்லாம் சாணி.

சிலாவத்துறைக் கடற்கரைக்கும் போனேன். நம் முப்பாட்டன்மார் தூத்துக்குடியிலிருந்து வந்து முத்துக் குளித்த பார், அதுதான் கடலடிச் சிப்பித் திட்டு, இந்தப் பக்கம்தான். முத்து முத்து என்று பெருமை பேசுகிறோமே, சிப்பியைக் குவித்துப் போட்டு, அழுகவிட்டு, புழு தின்ற பிறகு அலசித்தான் முத்தை எடுத்தார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி ஒருத்தனும் வாய் திறப்பதில்லை. இப்போது அங்கே வெறும் மணல்தான். ஆனாலும் நின்ற நேரமெல்லாம் எனக்கு மண்ணெண்ணெய் வாடை. கடலையும் கெடுத்துவிட்டான்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்காதே. நண்டு அழுகல், பருப்பு அழுகல், முட்டையைப் பொரித்து வைத்தான், அதுவும் அழுகல். தினமும் வெறும் சோறும் வாழைப்பழமும்.

ஜெஸ்லினுக்கு வாந்தி என்று எழுதியிருந்தாய். இஞ்சி தட்டிக் கொடுக்கச் சொல்.

ரோச்


தூத்துக்குடி
20 ஜூன்

ரோச்சுக்கு,

சுகமா என்று கேட்க மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

நான் எழுதினது என்ன, நீ எழுதினது என்ன! தகப்பன் வேண்டாம் என்று பிள்ளை சொல்லுகிறாள், இவன் இஞ்சி தட்டச் சொல்லுகிறான். உன்னை வளர்த்த பாவத்துக்கு எனக்கு இது வேண்டும்.

நேற்று ஏதோ வேலையாக இங்கே வந்திருந்த முத்துக்கனி அம்மாளைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர்களாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். காதுப் பக்கம் குனிந்து, “அண்ணாச்சிக்கு அங்கன சாப்பாடு ஒத்துக்கிடுதா மதினி?” என்று கேட்டார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஒன்று கேட்கிறேன். நீர்கொழும்பில் நாறுகிறது, மன்னாரில் நாறுகிறது, முட்டைகூட நாறுகிறது. அத்தனை ஊர்க்காரனும் அதைத்தானே தின்று உயிரோடு இருக்கிறான்? கார்த்திகையில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாயே, அதற்கப்புறம் நான் கொண்டுவந்த கஞ்சியைக்கூட முகத்தைச் சுளித்துத்தான் குடித்தாய். நல்ல டாக்டராகப் பாரேன்.

பிளாரன்ஸ்


திருகோணமலை
2 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலியோடு மார்க்கெட்டுக்கெல்லாம் ஏன் நடக்கிறாய்? எனக்கு ஒரு கேடும் இல்லை. என் நாக்கையா சந்தேகப்படுகிறாய்? ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற நாக்கு. ஆறு கேப்டன்கள் எனக்குச் சர்டிபிகேட் எழுதித் தந்திருக்கிறார்கள். டாக்டரிடம் நீ போ.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தங்கினேன். ஒடியல் கூழ் காய்ச்சினாள் அந்த வீட்டம்மாள். பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன் எல்லாம் போட்டு ஒரு பானை. பக்கத்திலேயே நின்று நான் குடிப்பதைப் பார்க்கிறாள். ஒரு மடக்கு விட்டேன், அவ்வளவுதான், கொல்லைப்புறம் ஓடினேன். திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்கிறாள். “என்ன ஐயா, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் மறுநாள்தான்.

இங்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. வெந்நீரில் ஷாம்பு பாக்கெட் மிதக்கிறது. அந்தத் தண்ணீரையே மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். கடற்கரைக்குப் போனால் மான் வந்து குப்பைத்தொட்டியை மேய்கிறது. தீவு முழுக்கச் சுற்றியாயிற்று, ஒரு வாய் சோறு உருப்படியாகக் கிடைக்கவில்லை.

நீர்கொழும்புக்கே திரும்பிப் போகிறேன். ஒரு சீலாவை நானே வாங்கி, தேவபிரசாதம் வீட்டு அடுப்பில் நானே குழம்பு வைத்து, குழம்பு என்றால் என்ன என்று இவர்களுக்குக் காட்டப்போகிறேன்.

அந்த உடன்குடி அம்மாள் என் சாப்பாட்டை விசாரித்தாளாக்கும். குத்திக்காட்டுகிறாள், வேறென்ன?

ரோச்


நீர்கொழும்பு
11 ஜூலை

அக்கா,

குழம்பு வைத்தேன். தேவபிரசாதம் வீட்டார் ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். எனக்குப் பசியில்லை.

இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.

ரோச்


தூத்துக்குடி
23 ஜூலை

என் அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் துணை. உன் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். இவ்வளவுதானா?

திட்டு இல்லை, தூ இல்லை, நாறுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. நீ இப்படி எழுதிப் பார்த்ததே கிடையாது. உன் பெஞ்சாதி இறந்த வருஷம்கூட சவப்பெட்டிக்காரனைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினாய். என்னலே ஆச்சு உனக்கு?

ஜெஸ்லினுக்கு வாந்தி நின்றுவிட்டது. வயிறு தெரிகிறது.

அக்கா


நீர்கொழும்பு
5 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போது தேவபிரசாதம் வீட்டில்தான் இருக்கிறேன். விசாவை நீட்டிக்கக் கொழும்புக்குப் போய் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றதில் கால் வீங்கியது, வடிந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். மீனை நானே பார்த்து வாங்கினேன். செவுள் சிவப்பு, கண் பளிச்சென்று இருந்தது. தேங்காயை நானே அரைத்தேன், புளியை நானே கரைத்தேன். என் கைதான், அம்மாவின் பக்குவம்தான். கொதி வந்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். அழுகின சிப்பி. உடன்குடியில் என் வாய்க்குள் வந்த அதே நாற்றம், மாற்றமே இல்லை. சட்டியைக் கீழே கொட்டிவிடலாம் என்று துணியைப் பிடித்தபோது தேவபிரசாதம் வந்து அகப்பையால் மொண்டு குடித்துவிட்டு, “அடேயப்பா, கப்பல் நாள் ஞாபகம் வருதப்பா!” என்றான். அவன் பேத்தி சட்டியை வழித்து நக்கினாள். நான் மூலையில் உட்கார்ந்து அவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டர் அம்மாளிடம் போனோம். கண்ணைக் கட்டிவிட்டு நாலு குப்பியை மூக்கில் காட்டினாள். கிராம்பு, காப்பித்தூள், ஆரஞ்சுத் தோல், சோப்பு. நாலுக்கும் டயர் கருகல் என்றேன். காய்ச்சலில் மூக்கு நரம்பு கெட்டிருக்கிறது, நல்ல வாடையையும் அழுகலாகக் காட்டும், சரியாக ஒரு வருஷமும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள். சீட்டில் எழுதியும் கொடுத்தாள். நகலை உனக்கு மட்டும் அனுப்புகிறேன். நீ சந்தேகப்பட்டதுதான் சரி.

தீவு நாறவில்லை அக்கா. நான்தான். நாறுகிற மூக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்களைத் திட்டியிருக்கிறேன். அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் என்ன நினைத்திருப்பாள்!

இதை ஒருத்தரிடமும் சொல்லாதே. ஜெஸ்லினிடம் சொல்லவே சொல்லாதே.

ரோச்


தூத்துக்குடி
16 ஆகஸ்ட்

ஏலே என் ராசா,

மாதாவுக்குத் தோத்திரம்! மாதா பரலோகம் போன திருநாளுக்கு முந்தின நாள் உன் கடுதாசி வந்தது. சாதிக்கொழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காய்ச்சலில் கெட்ட மூக்கு, அவ்வளவுதான்! எட்டு மாசமாக என் தம்பி சுமந்த கெட்ட பேர் ஒரு சீட்டில் போய்விட்டது.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். பண்டாரிக்கு மூக்கு போனது வெட்கம்தான், ஆனால் மகள் போவதற்கு அது தேவலை. இன்று காலை பஸ் ஏறி உடன்குடிக்குப் போய் சீட்டின் நகலை ஜெஸ்லின் கையில் கொடுத்தேன். அவள் அழுத அழுகை எனக்கே காதில் விழுந்தது. அவள் எழுதினதை இதோடு வைத்திருக்கிறேன்.

வந்து சேர்.

அக்கா

(ஜெஸ்லின் எழுதியது)

அப்பா,

மூக்கு இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. உங்கள என்னவெல்லாம் நினைச்சேன். சீட்டை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்க மாப்பிள்ளை பாண்டியராஜன் அந்த வீடியோவை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழிக்கச் சொன்னார். மாமனார், “பாவம், மனுஷனுக்குச் சீக்கு” என்றார். மாமியார் மட்டும் சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அவங்களும் சரியாயிடுவாங்க. நீங்க மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்ப்பா. வளைகாப்புக்கு வாங்க, போதும்.

ஜெஸ்லின்


நீர்கொழும்பு
26 ஆகஸ்ட்

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு,

உனக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

அந்தச் சீட்டை யாரிடமும் காட்டாதே அம்மா. சீட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து நான் உள்ளே வந்தால் அது பொய்.

விருந்தன்றைக்கு நான் புறப்படும் முன்னே வீட்டில் நாலு இட்லியைச் சர்க்கரை தொட்டுத் தின்றுவிட்டுத்தான் காரில் ஏறினேன். சம்பந்தி வீட்டு விருந்துக்கு வயிற்றை நிரப்பிக்கொண்டு போகிறவன் என்ன எண்ணத்தோடு போவான்? டிரைவரிடம், “இன்னைக்கு என்னத்தப் போட்டுக் கொல்லப் போறாவளோ” என்று சொல்லிச் சிரித்தேன். உன் அத்தை பின்சீட்டில்தான் இருந்தாள், காதில் விழவில்லை.

இன்னொன்று. ஒரு கப்பலில் கேப்டனுடைய மனைவி ஒருநாள் அடுப்படிக்கு வந்து ஆசையாக ஒரு சூப் வைத்தார். அதில் போட்ட கோழி கெட்டுப்போனது, எனக்கு மோந்ததுமே தெரிந்தது. அவர் மனசு நோகக்கூடாதென்று ஒரு கிண்ணத்தையும் குடித்து, “பிரமாதம் மேடம்” என்றேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. விழுங்கத் தெரியாதவன் இல்லை நான். யாருக்கு விழுங்க வேண்டும், யாருக்குத் துப்பலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

உன் மாமியார் வைத்த குழம்பு நாக்கில் பட்டு நாறியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரிதான், இவர்கள் வீட்டில் என் பிள்ளையைக் கொடுத்தது தப்புதான் என்று ஒரு சந்தோஷம். நாற்றத்துக்கு டாக்டர் சீட்டுக் கொடுத்துவிட்டாள். இந்தச் சந்தோஷத்துக்கு எந்த டாக்டர் கொடுப்பாள்? இந்தத் தீவில் நான் பார்த்ததிலேயே அருவருப்பானது அதுதான், அதை ஊரிலிருந்து நானே கொண்டுவந்தேன்.

இதை உன் மாமியாரிடம் கொடு. இதற்கு அப்புறம் வர வேண்டாம் என்று நீ சொன்னால் வரமாட்டேன்.

அப்பா


உடன்குடி
6 செப்டம்பர்

அப்பாவுக்கு,

நான் சுகம். பிள்ளை உதைக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அதை ஒளித்து வைத்திருந்தேன். சீட்டு மட்டும் போதும் என்று விட்டிருக்கலாமே என்று உங்கள் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு மாமியாரிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே வாசித்தார். இட்லி என்று இருந்த இடத்தில் விரலை வைத்து மறுபடி வாசித்தார்.

பிறகு சொன்னார்: “இந்தச் சீட்ட நான் அன்னைக்கே நம்பல. மூக்கு கெட்ட மனுஷன் மூஞ்சியச் சுளிச்சுத் துப்புவான். ஒங்கப்பா துப்பையில சிரிச்சாவ. நான் குழம்புச் சட்டியோட எதுத்தாப்புலதான நின்னேன், எனக்குத் தெரியாதா?”

எட்டு மாசமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“சீட்டத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா வாசல்லயே காப்பியக் குடுத்து அனுப்பியிருப்பேன். இந்தக் கடுதாசிய எழுதுன மனுஷன வரச் சொல்லு. ஆனா நாப்பது பேரு முன்னால துப்புனாவ. அந்த நாப்பது பேரையும் வளைகாப்புக்குக் கூப்பிடுதேன். அவ்வளவு பேரு முன்னாலயும், சீக்குன்னு சொல்லாம, இதுல எழுதியிருக்கத அப்படியே சொல்லணும். பெறகு எலையில உக்காரணும். அதே குழம்புதான் வைப்பேன்.”

அப்படியே எழுதிவிட்டேன். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். வாங்க.

ஜெஸ்லின்


நீர்கொழும்பு
15 செப்டம்பர்

உடன்குடி, சம்பந்தி வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டில், முத்துக்கனி மதினி அவர்களுக்கு,

தங்கள் சம்பந்தி ரோச், வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாச்சி, மாப்பிள்ளை, தாங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் மகளைப் பார்த்துக்கொள்வதற்கு என்னால் கைம்மாறு செய்ய முடியாது.

நீங்கள் சொன்னபடியே ஆகட்டும். நாற்பது பேரையும் கூப்பிடுங்கள். வீடியோ எடுத்த பையனையும் கூப்பிடுங்கள், இதையும் எடுக்கட்டும். நான் சீக்கு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழம்பு எனக்கு இன்னும் நாறும். நீங்கள் எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் நாறும். என் கண்ணில் தண்ணீர் வந்தால், கை தயங்கினால், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. நீங்கள் போதும் என்று சொல்லும்வரை எழுந்திரிக்கமாட்டேன்.

வளைகாப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை விமானம். சனிக்கிழமை அக்கா வீட்டில் படுக்கை. ஞாயிறு காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், பசியோடு வருகிறேன்.

தங்கள் சம்பந்தி,
ரோச்